சாவி பெட்டிக்குள், பை பஸ்ஸுக்குள்

போன வியாழக்கிழமை சாயங்காலம் குன்னூரில் நல்ல மழை. மழை என்றால் கரண்ட் போகும். இது எங்கள் ஊர் வழக்கம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

என் மகன் மட்டும் அன்றைக்குக் கரண்ட் போனதும் சந்தோஷப்பட்டான். ஏன் தெரியுமா? போன மாதம்தான் கோயமுத்தூர் போய் நாலு எமர்ஜென்சி லைட் வாங்கி வந்திருந்தான். நாலும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே சார்ஜர். ஹாலுக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

"எதுக்குடா நாலும் ஒரே மாதிரி?" என்று வாங்கி வந்த அன்றைக்கே கேட்டேன்.

"ஒரே மாதிரி இருந்தாத்தானுங்கப்பா வசதி. ஒண்ணு ரிப்பேரானா அதோட சாமானை இன்னொண்ணுக்குப் போட்டுக்கலாம். குழப்பமே இல்லை."

குழப்பமே இல்லைதான். நாலையும் ஒரே நாளில் சார்ஜ் போட்டான். நாலும் ஒரே நேரத்தில் எரிந்தன. ஒன்றரை மணி நேரம் கழித்து... நாலும் ஒரே நேரத்தில் அணைந்தன. முதலில் ஹால். என்னவென்று பார்க்க எழுந்திருப்பதற்குள் சமையலறை. அடுத்து மாடியிலிருந்து மருமகளின் குரல். என் பங்குக்கு வந்த லைட் மட்டும் அரை நிமிஷம் கூடுதலாகத் தாக்குப்பிடித்தது, வயசுக்கு மரியாதை கொடுத்தது என்று நினைக்கிறேன்.

அப்போது என் மனைவி சரசு எழுந்தாள்.  இருட்டில் தடுமாறவில்லை. அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு மெழுகுவர்த்தி. தையல் மெஷின் டிராயரிலிருந்து ஒரு டார்ச். ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்திலிருந்து சிம்னி விளக்கு. இப்படியே ஐந்து நிமிஷத்தில் ஐந்து இடத்திலிருந்து ஐந்து விதமான வெளிச்சம் வந்துவிட்டது.

மகன் வாயைப் பிளந்தான். "இதெல்லாம் எங்கிருந்தும்மா வந்துச்சு?"

"உங்கப்பாவைக் கேளு. பெட்டிக்குள்ள சாவிய வெச்ச கதையச் சொல்லச் சொல்லு" என்றாள்.

நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக நான் பிள்ளைகளிடம் சொல்லாமல் காப்பாற்றிவந்த கதை அது. வேறு வழியில்லாமல் அன்றைக்குச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. வீட்டில் மானம் போன பிறகு உங்களிடம் மறைப்பானேன்?

யுத்த காலம். வெள்ளைக்காரத் துரைமார் எஸ்டேட்டுகளை ஆண்ட கடைசி வருஷங்கள். எனக்கு இருபத்தைந்து வயசு. மஞ்சூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஸ்டோர் கிளார்க். ஆணி, அரிவாள், கம்பளி, மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை — எது வேண்டுமென்றாலும் என் கையெழுத்து இல்லாமல் ஸ்டோரை விட்டு வெளியே வராது. அந்தக் கையெழுத்தைப் பற்றி எனக்கு இருந்த கர்வத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

எங்கள் பெரிய துரை, அதாவது மானேஜர், முந்தைய யுத்தத்தில் பட்டாளத்துக்குச் சாமான் சப்ளை செய்யும் பிரிவில் இருந்தவர். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எஸ்டேட்டில் எல்லாக் கதவுக்கும் ஒரே பச்சைப் பெயின்ட். எல்லாக் கூடையும் ஒரே அளவு. ஆபீஸ் கிளார்க்குகள் மூன்று பேருக்கும் ஒரே சைஸில் தொப்பி வரவழைத்துப் பார்த்தார்... எங்கள் தலைகள்தான் ஒத்துழைக்கவில்லை.

ஒரு நாள் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடலாம், மழையில் ரோடு சரியலாம், எல்லாவற்றுக்கும் தயாராக இருங்கள் என்று. ஜப்பான்காரன் எங்கள் எஸ்டேட்டை எங்கே தேடிக் கண்டுபிடிக்கப் போகிறான்? மஞ்சூர் பஸ் டிரைவரே மூடுபனியில் எங்கள் கேட்டைத் தாண்டிப் போய்விட்டு ரிவர்ஸில் வருவார். ஆனால் ரோடு சரிவது நிச்சயம். வருஷத்துக்கு ஒரு முறையாவது எங்களுக்கும் உலகத்துக்கும் தொடர்பு அறுந்துபோகும்.

துரை குஷியாகிவிட்டார். பன்னிரண்டு மரப்பெட்டிகள் செய்யச் சொன்னார். ஃபேக்டரி, ஆஸ்பத்திரி, ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் ஷெட், ஆபீஸ் என்று பன்னிரண்டு இடத்தில் வைத்தோம். பன்னிரண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி. உள்ளே இரண்டு லாந்தர், ஒரு டின் மண்ணெண்ணெய், ஒரு டஜன் தீப்பெட்டி, பிஸ்கட் டின், மத்தி மீன் டின், கொயினா, கம்பளி, கயிறு. எல்லாம் ஒரே சப்ளையரிடமிருந்து ஒரே லாட்டில் வந்தவை. பன்னிரண்டு பெட்டிக்கும் சீமையிலிருந்து வந்த பன்னிரண்டு பெரிய பூட்டுகள். பன்னிரண்டுக்கும் ஒரே சாவி.

"ஆபத்து வரும்போது எந்தச் சாவி எந்தப் பெட்டிக்கு என்று தேடக் கூடாது" என்றார் துரை. எனக்கு அது பிரமாதமான யோசனையாகப் பட்டது. சாவி மொத்தம் இரண்டு. ஒன்று துரையின் கடிகாரச் சங்கிலியில் தொங்கும். இன்னொன்று ஸ்பேர். அது என் பொறுப்பு.

இங்கேதான் நான் என் மூளையைப் பயன்படுத்தினேன். துரையின் எழுத்து உத்தரவில் மூன்றாவது பாரா என்ன சொல்கிறது? ஆபத்துக் காலத்தில் தேவைப்படும் எல்லாச் சாமானும் அந்தப் பெட்டிகளுக்குள்ளேயே இருக்க வேண்டும், ஒன்றுகூட வெளியே இருக்கக் கூடாது என்கிறது. ஸ்பேர் சாவி எப்போது தேவைப்படும்? ஆபத்துக் காலத்தில். அப்படியானால் அது எங்கே இருக்க வேண்டும்?

சாவியை ஒரு சின்னத் துணியில் சுற்றி, சீட்டுக் கட்டி, முதல் நம்பர் பெட்டிக்குள் வைத்தேன். லிஸ்ட்டில் 'ஸ்பேர் சாவி — 1' என்று அழகாக எழுதினேன். துரை இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தார். லிஸ்ட்டைப் படித்தார், பெட்டிக்குள் பார்த்தார், பென்சிலால் டிக் அடித்தார். பிறகு தன் சாவியால் பெட்டியைப் பூட்டினார். இரண்டு பேருக்குமே அன்றைக்குப் பரம திருப்தி.

ஃபேக்டரி ஃபிட்டர் காதர் பாய் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "ஏன் தம்பி, பன்னெண்டு பூட்டுக்கும் ஒரே சாவிங்கிறியே. தொரை இல்லாத நாள்ல என்ன பண்ணுவே?"

"ஸ்பேர் இருக்குங்க பாய்."

"எங்க இருக்கு?"

"பத்திரமான இடத்துல" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோயமுத்தூரில் ஒரு பஞ்சாலையில் ஸ்டோர் சூப்பரின்டெண்டென்ட்டாக இருந்த சிவசாமி என்பவரின் மகள் சரஸ்வதி. ஜாதகம் பொருந்திவிட்டது. நான் பெண்ணையும் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு வேறு எந்தப் பெண்ணும் வேண்டாம் என்று ஆகிவிட்டது, ஸ்டாக் புக்கில்கூட அவள் முகம்தான் தெரிந்தது. பாக்கி ஒன்றே ஒன்று. பெண்ணைப் பெற்றவர்கள் நேரில் வந்து என் வீடு வாசலைப் பார்க்க வேண்டும். அவர்களுக்குப் பிடித்தால் கல்யாணம், பிடிக்காவிட்டால் இல்லை.

எனக்குக் கொஞ்சமும் பயமில்லை. ஸ்டோர்காரர் ஸ்டோர்காரனைப் பார்க்க வருகிறார். என் ஸ்டோரைப் பார்த்தால் மயங்கிவிட மாட்டாரா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை. துரை வெள்ளிக்கிழமையே ஊட்டி கிளப்புக்குப் போய்விட்டார், கடிகாரச் சங்கிலியோடு. பகல் பஸ்ஸில் விருந்தாளிகள் வருகிறார்கள். தனிக்கட்டையான என் வீட்டில் உப்பும் காப்பித் தூளும் தவிர ஒன்றும் கிடையாது என்பதால், விருந்துக்கான அரிசி, பருப்பு, காய்கறி எல்லாவற்றையும் குன்னூர்க் கடையில் சொல்லி அதே பஸ்ஸில் ஏற்றச் சொல்லியிருந்தேன். சமையலுக்கு ஒரு ஆளையும் அதே பஸ்ஸில் வரச் சொல்லியிருந்தேன்.

அந்தக் காலத்துப் பஸ்ஸைப் பற்றி இளவட்டங்களுக்குச் சொல்ல வேண்டும். யுத்தத்தில் பெட்ரோல் கிடையாது. பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு பெரிய கொதிகலனைக் கட்டி, கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓட்டுவார்கள். சம தரையில் ஓடும். மேட்டைக் கண்டால் நின்றுவிடும். ஜனங்களெல்லாம் இறங்கி நடக்க வேண்டும். காலி பஸ் பின்னாலேயே முனகிக்கொண்டு ஏறி வரும். எங்கள் எஸ்டேட் கேட்டுக்கு முன்னால் ஒரு அரை மைல் அப்படிப்பட்ட மேடுதான்.

சிவசாமியும் அவர் சம்சாரம் அம்மணியம்மாவும் மேட்டடியில் இறங்கி, மழையில் நடந்து ஏறி வந்தார்கள். நான் குடையோடு எதிரே ஓடினேன். கேட்டருகே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறோம்... கீழே பெரிய சத்தம். மலை சரிந்து ரோட்டை மூடிவிட்டது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பஸ் அந்தப் பக்கம் பத்திரமாக நின்றது. மண்மேட்டுக்கு மேலே நின்று கண்டக்டர் கையை ஆட்டினார், பிறகு பஸ் ரிவர்ஸில் போய்விட்டது. என் அரிசி, பருப்பு, காய்கறி, நடையில் பின்தங்கி அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட சமையல்காரர் எல்லாரும் அதோடு போனார்கள். மண் அள்ள எப்படியும் இரண்டு நாள் ஆகும்.

 ஆனாலும் தைரியமாகச் சொன்னேன். "ஒண்ணும் கவலைப்படாதீங்க. இந்த மாதிரி சமயத்துக்குன்னே எஸ்டேட்ல ஏற்பாடு இருக்குதுங்க. நான்தான் இன்சார்ஜ்."

சிவசாமியின் முகம் மலர்ந்தது. "அப்படீங்களா? காட்டுங்க தம்பி, பாக்கலாம். ஸ்டோர்னா இதுதானுங்க முக்கியம்."

ஃபேக்டரிக்கு அழைத்துப் போனேன். பச்சைப் பெயின்ட் பளபளக்க முதல் நம்பர் பெட்டி. அவர் பூட்டைத் தூக்கிப் பார்த்தார், நல்ல கனம் என்று தலையை ஆட்டினார். "தொறங்க" என்றார்.

அப்போதுதான்... ஆமாம், அப்போதுதான் எனக்கு உறைத்தது. மடியைத் தடவினேன். சட்டைப் பையைத் தடவினேன். அங்கே இருக்காது என்று தெரிந்தும் தடவினேன்.

"சாவிங்களா? தொரைகிட்ட இருக்குதுங்க. அவரு ஊட்டியில..."

"ஸ்பேர் இருக்குமல்லங்க?"

"இருக்குதுங்க."

"எங்கீங்க?"

காதர் பாயும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் இந்தக் கேள்விக்கு நீண்ட நாளாகப் பதில் பாக்கி. நான் விரலால் பெட்டியைக் காட்டினேன்.

"பெட்டிக்கு அடியிலீங்களா?"

"உள்ளாரங்க."

சிவசாமி பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சம்சாரத்தைப் பார்த்தார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. கோயமுத்தூரில் ஒரு ஜன்னலோரம் நின்று என்னை நிமிர்ந்து பார்த்த அந்தப் பெண் முகம் நினைவுக்கு வந்தது. இனிமேல் அது நினைவில் மட்டும்தான் என்று தோன்றியது. 

காதர் பாய் ரம்பம் எடுத்து வந்தார். சீமைப் பூட்டு, லேசில் அறுபடுமா? ஒரு மணி நேரம் பிடித்தது. திறந்ததும் மேலாகவே இருந்தது சாவி, சீட்டோடு. சிவசாமி அதை எடுத்துச் சீட்டைப் படித்தார். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

"ஆனா ஒண்ணு பாத்தீங்களா?" என்றார் காதர் பாய், எனக்குப் பரிந்துகொண்டு. "ஒரு பூட்டை அறுத்தா பன்னெண்டும் தொறந்த மாதிரி. ஒரே சாவிங்கிறதுல அந்தச் சௌகரியம் இருக்கு. திருடனுக்கும் இருக்கு."

மணி நாலுதான். ஆனால் மூடுபனி இறங்கி ஃபேக்டரிக்குள் கண் தெரியவில்லை. லாந்தரை எடுத்தோம், மண்ணெண்ணெய் ஊற்றினோம், தீக்குச்சியை உரசினோம். தலை மட்டும் பசைபோல உதிர்ந்தது. அடுத்த குச்சி, அதுவும் அப்படியே. அடுத்த தீப்பெட்டி. ஒரு டஜனும் நமுத்துப் போயிருந்தது. ஃபேக்டரி அடுப்புக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு, என் வீட்டுத் தீப்பெட்டி தீர்ந்து புதுசு அந்தப் பஸ்ஸில் வர வேண்டியது. எங்கள் மலையின் ஈரம் அப்படி. இரண்டு மாதம் மூடிவைத்தால் உப்பே தண்ணீராகிவிடும், தீக்குச்சி எம்மாத்திரம்?

"ரெண்டாம் நம்பர் பெட்டியப் பாக்கலாங்க" என்றேன்.

பார்த்தோம். ஒரே லாட் அல்லவா? ஒரே மாதிரி நமுத்திருந்தது. எனக்கு அதற்கு மேல் திறக்க மனசில்லை. சிவசாமி விடவில்லை. மில் ஸ்டோரில் முப்பது வருஷ சர்வீஸ், ஒரு கன்சைன்மென்ட்டை முழுக்கச் சோதிக்காமல் தள்ள மாட்டாராம். மழையில் பெட்டி பெட்டியாகப் போய்த் திறந்து, லாந்தர்களையெல்லாம் ஃபேக்டரிக்குக் கொண்டுவந்தோம். கடைசியில் இருபத்து நாலு லாந்தர்கள் வரிசையாக, துடைத்து, எண்ணெய் ஊற்றி, திரி நறுக்கி நின்றன. ஒன்றுகூட எரியவில்லை.

சாப்பாடு? பன்னிரண்டு டின் மத்தி மீன் இருந்தது. அவர்கள் கறி, மீன் தொடாத குடும்பம். பிஸ்கட்டை அம்மணியம்மா தரையில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். தரையில் தழும்பு விழுந்தது.

அப்போது ஆரம்பித்தது சிவசாமியின் பிரசங்கம். "ஏனுங் தம்பி, ஸ்டோர்னா என்னன்னு நெனைச்சீங்க? ஒரே ஆளுகிட்ட, ஒரே லாட்டுல வாங்குனா, கெட்டுச்சுன்னா மொத்தமாக் கெடும். எங்க மில்லுல பெல்ட்டுக்கு ரெண்டு சப்ளையரு, எண்ணெய்க்கு மூணு. அத்தனை எதுக்குங்க, ஊரு விட்டு ஊரு போறப்ப நான் அஞ்சு தினுசு வெளிச்சம் கையில எடுத்துட்டுப் போவேன். டார்ச்சு, மெழுகுவத்தி, சிம்னி, சைக்கிள் லாம்பு, அகல் வெளக்கு. அகலுக்குத் தனியா எண்ணெய்ப் புட்டி. தீப்பெட்டிய ஒரு புட்டியில போட்டு மெழுகு வெச்சு அடைச்சிருப்பேன். ஒண்ணு போனா இன்னொண்ணு. அது போனா அடுத்தது."

நான் தலைகுனிந்து நின்றேன். ஒவ்வொரு வார்த்தையும் நியாயம். சம்பந்தம் முறிந்துவிட்டது என்று முடிவே செய்துவிட்டேன்.

"ரொம்ப நல்ல ஏற்பாடுங்க" என்றார் காதர் பாய், கையைத் துடைத்துக்கொண்டே. "எங்க இருக்குதுங்க அதெல்லாம்?"

"பையிலீங்க."

"பை?"

சிவசாமி குனிந்து தன் கையைப் பார்த்தார். இன்னொரு கையையும் பார்த்தார். சம்சாரத்தின் கையைப் பார்த்தார்.

"பஸ்ஸுல" என்றார் அம்மணியம்மா. "மேடு ஏறோணும், கனமா இருக்குது, எப்படியும் பஸ்ஸு பின்னாடி வருதுன்னு சீட்டுலயே வெச்சுட்டு வந்தீங்க."

ஐந்து விதமான விளக்கு. ஒரே பை.

முதலில் சிரித்தது அம்மணியம்மாதான். அப்புறம் காதர் பாய். நான் சிரிக்கவில்லை. எனக்குத் தைரியம் வரவில்லை என்பது ஒரு காரணம். அவர் முகத்தில் அப்போது தெரிந்த அசடு எனக்கு மிகவும் பழக்கமான அசடு, சில மணி நேரத்துக்கு முன்னால் என் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது என்பது இன்னொரு காரணம்.

எங்களைக் காப்பாற்றியது துரையின் கட்சியும் இல்லை, சிவசாமியின் கட்சியும் இல்லை. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளிலிருந்து மாரியாயி வந்தாள். கொழுந்து பறிக்கிறவள். உடைந்த சட்டியில் தணல் கொண்டுவந்திருந்தாள்.

"தீப்பெட்டிக்கு அல்லாடறீங்கன்னு சொன்னாங்க கிளாக்கய்யா. நாங்க எங்க தீப்பெட்டி வாங்கறோம்? அவ அடுப்பு அணைஞ்சா இவகிட்ட நெருப்பு வாங்கிக்குவா, இவளது அணைஞ்சா அவ. பதினஞ்சு அடுப்பும் ஒரே நேரத்துல அணைஞ்சு நான் பாத்ததில்ல."

லாந்தர்கள் எரிந்தன. இருபத்து நாலையும் ஏற்றினார் காதர் பாய், வேண்டுமென்றேதான். என் வீட்டுக்கு ஒவ்வொரு லயன் வீட்டிலிருந்தும் ஏதோ ஒன்று வந்தது. ஒரு வீட்டிலிருந்து கேப்பை மாவு, ஒரு வீட்டிலிருந்து கொள்ளு, ஒரு வீட்டிலிருந்து அவரைக்காய், ஒரு வீட்டிலிருந்து கீரை. அரிசி மட்டும் ஏழு வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு கை. அம்மணியம்மா எல்லா அரிசியையும் ஒன்றாகக் கொட்டிச் சமைத்தார். அதில் பச்சரிசி குழைந்து கஞ்சியாகிவிட்டது. புழுங்கலரிசி பாதிதான் வெந்தது. ரேஷன் குருணை அடியில் ஒட்டிக்கொண்டது. சிவசாமி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வெகுநேரம் மென்றார்.

"அரிசியாச்சும் ஒரே ரகமா இருந்திருக்கலாங்க" என்றார்.

பெரிய துரையின் கட்சிக்கு அன்று கிடைத்த ஒரே ஓட்டு அது.

இரண்டு நாள் அப்படியே ஓடியது. சம்பந்தத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. சாவி உள்ளே இருந்த கதை கோயமுத்தூர் போனால் என் கதி என்ன என்று எனக்குக் கவலை. பை பஸ்ஸில் போன கதை மில்லுக்குப் போனால் தன் கதி என்ன என்று அவருக்கும் கவலை இருந்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை ரோடு திறந்தது. பஸ் முனகிக்கொண்டு கேட்டுக்கு வந்தது. அதன் பின்னாலேயே துரையின் கார். எஸ்டேட் முழுக்க அங்கே கூடிவிட்டது. கண்டக்டர் ஒரு தோல் பையைத் தூக்கிப் பிடித்து, "யாருதுங்க இது? உள்ளார பெரிய வெளக்குக் கடையே இருக்குது. இத்தனை வெளக்கையும் பஸ்ஸுல உட்டுட்டு இருட்டுல உக்காந்திருந்த புண்ணியவான் யாருங்க?" என்றார்.

ஜனம் சிரித்தது. பஸ்ஸைவிட்டு இறங்கி மேடேறி வந்த பயணிகளும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அதில் இரண்டு மூன்று பேர் கோயமுத்தூர் ஆட்கள். சிவசாமி என் பக்கத்தில்தான் நின்றார். அவர் காது மடல் சிவந்துபோனது எனக்குத் தெரிந்தது. முப்பது வருஷ சர்வீஸ்காரர்... பாவமாக இருந்தது எனக்கு.

"என்னுதுங்க" என்றேன்.

இன்னொரு முறை பலமாகச் சிரித்தார்கள். நான் போய்ப் பையை வாங்கிக்கொண்டேன். அதற்குள் துரை காரிலிருந்து இறங்கிவிட்டார். பையைத் திறந்து பார்த்தார். ஐந்து விளக்கு, ஐந்தும் ஐந்து தினுசு. அவர் முகம் வாடியது.

"கிளார்க், நீ நம்ம பெட்டி நம்பலே?" என்றார். அதட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மனுஷர் வருத்தப்பட்டார். தன் ஸ்டோர் கிளார்க்கே தன் ஏற்பாட்டை நம்பாமல் சொந்தமாக ஐந்து விளக்கு வைத்துக்கொண்டிருக்கிறான் என்றால் எப்படி இருக்கும்?

என்ன பதில் சொல்வது? உண்மையைச் சொன்னால் சிவசாமி மானம் போகும். சொல்லாவிட்டால் என் வேலை போகும். நான் பையை வாங்கி மூடினேன். அப்புறம் துரை அறுந்த பூட்டைப் பார்த்தார், நமுத்த தீப்பெட்டிகளைப் பார்த்தார், ஸ்பேர் சாவி இருந்த இடத்தைக் கேட்டார். லிஸ்ட்டை எடுத்துவரச் சொன்னார். அதில் தன் பென்சில் டிக்கை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த டிக்தான் என் வேலையைக் காப்பாற்றியது.

மறுவாரமே புது உத்தரவு வந்தது. இனி பன்னிரண்டு பெட்டிக்கும் பன்னிரண்டு தினுசுப் பூட்டு. ஒவ்வொன்றுக்கும் மூன்று சாவி. முப்பத்தாறு சாவிகளையும் இடுப்பில் கட்டிக்கொண்டு நான் நடந்தால் லயன் மாடுகளெல்லாம் திரும்பிப் பார்க்கும்.

சிவசாமி தம்பதி அன்றே கோயமுத்தூர் போய்விட்டார்கள். பையைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை, எல்லார் எதிரிலும் என்னுடையது என்று சொல்லியாகிவிட்டதே. பத்து நாள் வரை ஒரு தகவலும் இல்லை. நான் சாப்பாடு பிடிக்காமல் கிடந்தேன். பதினோராம் நாள் கடிதம் வந்தது. ஸ்டோர்காரர் கையெழுத்து, சுருக்கமாக இருந்தது.

'பை பற்றி நீங்கள் எங்கள் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டேன். சாவி பற்றி நானும் சொல்லவில்லை. பையைத் தாங்களே வைத்துக்கொள்ளவும். அதைக் கவனிக்கத் தெரிந்த ஒருத்தியைத் தை மாதம் அனுப்பிவைக்கிறோம்.'

அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள். காதர் பாய்க்கும் படித்துக் காட்டினேன். ஸ்பேருக்கு ஒரு நகல் எடுத்து வை என்றார்.

சரசு வந்த முதல் வாரமே அந்தப் பையைப் பிரித்தாள். ஐந்து விளக்கையும் ஐந்து இடத்தில் வைத்தாள். ஆனால் டார்ச் போக மற்ற நாலுக்கும் பக்கத்தில் ஒரே கடைத் தீப்பெட்டி, ஒரே மாதிரி புட்டியில். இருட்டில் கை குழம்பக் கூடாதாம். பெரிய துரையும் என் மாமனாரும் சாகும் வரை ஒத்துப்போகாத விஷயத்தை அவள் ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டாள். மாமனார் இன்று இல்லை. அதனால்தான் பை ரகசியத்தை இப்போது அவிழ்க்கிறேன், அவர் கோபிக்க மாட்டார்.

கதையைக் கேட்டு முடித்ததும் என் மகன் கேட்டான். "சரிங்கப்பா, இந்த அஞ்சும் எங்கெங்க இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

யோசித்துப் பார்த்தேன். தெரியாது. மருமகளுக்கும் தெரியாது. சரசு இடத்தை அடிக்கடி மாற்றிக்கொண்டும் இருப்பாள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவள் பாட்டுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பூட்டுக்கு மூன்று சாவி, பெட்டிக்கு இரண்டு லாந்தர் என்று ஆயுசு முழுக்க எல்லாவற்றுக்கும் ஸ்பேர் வைத்துப் பழகிய எனக்கு, திடீரென்று ஒரு பயம் வந்தது.

இந்த வீட்டில் ஸ்பேர் இல்லாதது அவள் ஒருத்திதான்.